தொழிற்கூடத்தில் ஒரு வகுப்பறை



தொழிலாளர்க்குப் பயிற்சி அளிப்பது எவ்வாறு, அப்பயிற்சியில் அவர்களுடைய ஆர்வம் குன்றாமற் காப்பது எவ்வாறு என்னும் பொருள்பற்றிச் சில நிமிடங்கள் பேசுமாறு நிலையத்தார் என்னைப் பணித்துள்ளனர். நான் தொழிலதிபன் அல்லன். பொறியியல் கற்றவனும் அல்லன். பல்லாண்டுகள் பள்ளிப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்று, குரோம்பேட்டையில் வாழ்ந்து வருபவன். ஆயினும் இப்பொருள்பற்றிப் பேசும் கடமை எனக்கு உண்டு. அக்கடமை எப்படி வந்தது என்பதைச் சிறிது பின்னர்க் கூறுவேன். முதற்கண் எங்கள் ஊரைப்பற்றி ஒரு சொல்.

குரோம்பேட்டை என்னும் பெயர் ஒரு தொழிற்பயிற்சியின் நினைவாக நிற்கும் பெயர் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். தமிழ்நாட்டில் பன்னெடுங் காலமாக ஆவாரம்பட்டையைக் கொண்டே தோலைப் பதப்படுத்தினர். அது வாரக்கணக்கில் நிகழும் வேலை. தந்தையின் அருகில் நின்று மைந்தன் கையாலும் மூக்காலும் கற்றுக்கொண்ட வேலை. 1903ஆம் ஆண்டில், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்பிரெட் சாட்டர்டன் என்பார், குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் புதிய முறையை இங்கே சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். அம்முறையில் பதனிட்ட தோல் நீரில் எளிதில் அழுகுவதில்லை. ஆதலால் உழவர்களின் கவலைச் சாலுக்கு அது மிகவும் ஏற்றதாயிற்று. பின்னர், 1912இல், சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை அடுத்துக் குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அதனைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பே குரோம்பேட்டை. 2021 முதல் எங்கள் ஊர் தாம்பரம் மாநகராட்சியின் பகுதி.

இந்தத் தோல் தொழிலில் ஒரு சோதனை உண்டு. தோல் முற்றும் பதமாகிவிட்டதா என்று அறிய, அதன் ஓரத்தில் ஒரு சிறு துண்டை அறுத்துக் கொதிக்கும் நீரில் இடுவார்கள். பதம் உள்ளே வரை ஏறியிருந்தால் துண்டு சுருங்காது. மேற்புறத்தில் மட்டும் நிறம் ஏறி, நடுப்பகுதி பச்சையாக இருந்தால் சுருண்டுவிடும். பார்வைக்கு இரண்டு தோலும் ஒன்றுபோலவே இருக்கும். கொதிநீர் ஒன்றுதான் உண்மையைச் சொல்லும். நேயர்கள் இச்சோதனையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டில், எங்கள் பகுதியிலுள்ள ஓர் உலோகத் தகட்டுத் தொழிற்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. அதன் பெயர் இங்கே வேண்டா. புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு வாரந்தோறும் சனிக்கிழமை ஒரு மணி நேரம் வகுப்பு நடத்த வேண்டும். அளவுகளைப் படிப்பது, சிறு கணக்குகள், தொழிற்கூட விதிகள், பாதுகாப்பு முறைகள் ஆகியவற்றைச் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். “பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பிள்ளைகளை மேய்த்தவர் நீங்கள், இருபது பேரை மேய்ப்பது பெரிதா?” என்று மேலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒப்புக்கொண்டேன்.

வேலை முடிந்த பின் மாலை ஐந்தரை மணிக்கு வகுப்பு. காலையிலிருந்து நின்றுகொண்டே உழைத்த இளைஞர்கள் நாற்காலியில் அமர்ந்ததும் கண் செருகினார்கள். நான் என்னிடம் கொடுக்கப்பட்ட விதிநூலைத் தெளிவான குரலில் படித்தேன், விளக்கமும் சொன்னேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் “புரிந்ததா?” என்று கேட்டேன். “புரிந்தது, ஐயா” என்று ஒரே குரலில் விடை வந்தது. பதிவேட்டில் அவர்களுடைய கையொப்பம் வாங்கினேன். அதிகாரிகளுக்கு நிறைவு, எனக்கும் நிறைவு.

ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை, அவ்வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்திருந்த ஓர் இளைஞன், அழுத்துப்பொறியில் தன் இடக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தான்.

அந்தப் பொறிக்கு இரண்டு பொத்தான்கள். இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். அவ்விளைஞன் ஒரு பொத்தானில் மூங்கிற்குச்சி ஒன்றைச் செருகி அழுந்தியபடியே இருக்குமாறு செய்துவிட்டு, விடுபட்ட கையால் தகட்டை நகர்த்தியிருக்கிறான். விதியை மீறினான் என்று எழுதி அறிக்கையை முடித்தார்கள். பதிவேட்டில் அவன் கையொப்பம் இருந்தது அன்றோ? அவனை வேலையிலிருந்து நீக்குவது என்றும் பேச்சு எழுந்தது.

நான் மருத்துவமனைக்குச் சென்று அவனைப் பார்த்தேன். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டான்.

“ஏன் தம்பி குச்சியைச் செருகினாய்?”

“ரெண்டு பொத்தான் எதுக்குன்னு தெரியலீங்கய்யா. ஒரு கையி சும்மாதானே இருக்குது, அந்தக் கையால தகட்டைத் தள்ளுனா எண்ணிக்கை கூடுமேன்னு நெனைச்சேன்.”

“வகுப்பில் புரிந்தது என்று சொன்னாயே?”

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எல்லாரும் புரிஞ்சுதுன்னாங்க. நான் மட்டும் எப்படிங்கய்யா புரியலேங்கிறது?” என்றான்.

நேயர்களே, அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இரு கைகளாலும் அழுத்த வேண்டும் என்ற விதியை நான் படித்தேன்; கை இரண்டும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சின் அடியில் இருக்க முடியாது என்ற காரணத்தைச் சொல்லவில்லை. எனக்கு அது சொல்ல வேண்டாதபடி வெளிப்படையாகத் தோன்றியது. அவனுக்கோ, ஒரு கை வீணாகக் காத்துக்கிடப்பதாகத் தோன்றியது. காரணம் தெரியாதவனுக்கு விதி ஓர் இடையூறு; அறிவுள்ளவன் இடையூற்றை விலக்கவே வழி தேடுவான். அவன் மந்தபுத்தியுள்ளவன் அல்லன். மந்தபுத்தியுள்ளவனுக்குக் குச்சி செருகும் யோசனையே வந்திராது.

மறுநாள் பரணிலிருந்து என் பழைய குறிப்பேடுகளை எடுத்தேன். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் நான் பயின்றபோது எழுதியவை அவை. பாடத்திட்டம் எழுதுவதற்கு ஐந்து படிகளை அங்கே மனப்பாடமாகச் சொல்லித்தந்தார்கள்: ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமை காணுதல், பயன்படுத்துதல். ஜெர்மானிய அறிஞர் ஹெர்பார்ட்டின் கொள்கையிலிருந்து அவருடைய மாணவர் வழியினர் வகுத்த முறை இது. நாற்பது நிமிடப் பாடத்துக்கு இப்படிகளை ஒழுங்காக எழுதிய நான், உயிருக்கும் உறுப்புக்கும் தொடர்புள்ள பாடத்துக்கு ஒன்றையும் எழுதவில்லை. பெரியவர்கள்தாமே, சொன்னால் போதும் என்று எண்ணிவிட்டேன்.

பின்னர் நூல்களைத் தேடிப் படித்தபோது ஒரு வியப்பான செய்தியை அறிந்தேன். முதல் உலகப்போர்க் காலத்தில், 1917இல், அமெரிக்காவில் கப்பல் கட்டுவதற்கு ஏராளமான புதிய தொழிலாளர் தேவைப்பட்டனர். அவர்களைப் பயிற்றும் பணியில் ஈடுபட்ட சார்லஸ் ஆலன் என்பார், ஆயத்தம், எடுத்துரைத்தல், செய்யவைத்தல், சோதித்தல் என்னும் நான்கு படிகளை வகுத்தார். 1919இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். பள்ளி ஆசிரியரின் படிகளே தொழிற்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. இரண்டாம் உலகப்போரில், 1940 முதல் 1945 வரை, அந்நாட்டு அரசு அம்முறையைச் செப்பம் செய்து, தொழிலகத்துள் பயிற்சி என்ற பெயரில் 16,000க்கு மேற்பட்ட தொழிற்சாலைகளில் பரப்பியது. போர் முடிந்ததும் அது ஜப்பானுக்குச் சென்றது. டொயோட்டா நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் அதனை ஏற்று, இன்றளவும் தன் பயிற்சிக்கு அடிப்படையாகக் கொண்டுள்ளது.

அம்முறையின் சாரம் எளியது. முதலில் கற்பவனுடைய அச்சத்தைப் போக்கி, அவனுக்கு முன்பே என்ன தெரியும் என்று அறிய வேண்டும். அடுத்து வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் கவனிக்க வேண்டிய நுட்பத்தையும் அந்நுட்பத்தின் காரணத்தையும் சொல்லிச் செய்துகாட்ட வேண்டும். மூன்றாவதாக, கற்பவன் தானே செய்து, செய்யும்போதே காரணத்தையும் தன் வாயாற் சொல்ல வேண்டும். நான்காவதாக, அவனைத் தனியே விட்டு, ஐயம் வந்தால் யாரிடம் கேட்பது என்று காட்டி, அடிக்கடி வந்து பார்த்து, பிறகு வருகையைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

அந்தப் பயிற்சி வகுப்புகளில் மேற்பார்வையாளர்க்கு மின்கம்பியில் இடும் ஒரு முடிச்சைக் கற்பிப்பார்களாம். முதலில் வாயால் மட்டும் சொல்வார்கள், கற்பவனுக்கு வராது. பிறகு பேசாமல் செய்துகாட்டுவார்கள், அப்போதும் வராது. அதன் பிறகே முறையாகக் கற்பிப்பார்கள். இதனைப் படித்ததும் எனக்கு மின்கம்பி நினைவுக்கு வரவில்லை. மல்லிகைப் பூ நினைவுக்கு வந்தது.

அத்தொழிற்கூடத்தைப் பெருக்கித் துப்புரவு செய்யும் அம்மையார் ஒருவர், உணவு இடைவேளையில் பூத்தொடுத்துக்கொண்டிருப்பார். மேலாளரிடம் இசைவு பெற்று, ஒரு நாள் மேற்பார்வையாளர் அறுவரையும் அமரவைத்து, அவ்வம்மையாரை ஆசிரியையாக்கினேன். “நானா ஐயா? எனக்கு எழுதப் படிக்கவே தெரியாதே!” என்று அவர் கூசினார். “எழுத்து வேண்டா அம்மா, பூத்தொடுக்க மட்டும் சொல்லிக்கொடுங்கள்” என்றேன்.

முதலில் கையை மடியில் வைத்துக்கொண்டு வாயால் மட்டும் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார், ஆறு பேர் கையிலும் நூல் சிக்கியது. பிறகு பேசாமல் தொடுத்துக்காட்டினார். அவர் விரல் போன வேகத்தில் எவருடைய கண்ணும் தொடரவில்லை. மூன்றாம் முறை, எதிரே அமராமல் பக்கத்தில் வந்து அமர்ந்து, ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, “இங்கே கட்டைவிரல் அழுத்திக்கணும், விட்டீங்கன்னா சுருக்கு நழுவிடும். ரொம்ப இழுத்தா காம்பு அறுந்திடும்” என்று காரணத்தோடு சொல்லிக்கொடுத்தார். கால் மணி நேரத்தில் நால்வர் ஒரு சாண் சரம் தொடுத்துவிட்டார்கள். இருபதாண்டு அனுபவமுள்ள மூத்த மேற்பார்வையாளர் தம் சரத்தைப் பார்த்துவிட்டு, “புதுப் பையன்களுக்கு நாம் இரண்டாம் முறையில்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம், சார்” என்றார். நான், “நான் முதல் முறையில் சொல்லிக்கொடுத்தேன்” என்றேன்.

அதன் பின் வகுப்பு மாலையிலிருந்து காலைக்கு மாறியது. ஒரு மணி நேரம் கால் மணி நேரமாகக் குறுகியது. வாரம் ஒரு நாள் என்பது நான்கு நாள் ஆயிற்று. இடம், பொறியின் அருகு. “புரிந்ததா?” என்ற கேள்வியை நான் விட்டொழித்தேன். “இதை ஏன் இப்படிச் செய்கிறோம், சொல் பார்ப்போம்” என்பதே என் கேள்வி. இதற்கு ஒரே குரலில் விடை வராது. ஒருவன் ஒன்றைச் சொல்வான், மற்றொருவன் மறுப்பான்; உறக்கத்துக்கு அங்கே இடமில்லை. பயிற்சியைச் சுவையுள்ளதாக்க விளையாட்டும் வேடிக்கையும் வேண்டும் என்பர் சிலர். வேண்டா என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் கைக்கு இப்போது தேவைப்படும் ஒன்றை, தன் அறிவைப் பயன்படுத்தித் தானே கண்டுகொள்வதைவிடப் பெரிய சுவை கற்பவனுக்கு இல்லை என்பது என் அனுபவம்.

இனி, ஊக்கம் குன்றாமை பற்றிச் சில சொல்வேன். அடியாத மாடு படியாது என்று நம்மவர் சொல்வதுண்டு. மாட்டைப் பற்றி நான் அறியேன்; மனிதனைப் பொறுத்தவரை அது தவறு. அடிக்கு அஞ்சியவன் படிவதுபோல் நடிக்கக் கற்றுக்கொள்வான். “புரிந்தது, ஐயா” என்பது அந்த நடிப்பே. அமெரிக்கத் தர அறிஞர் டெமிங், நிருவாகிகளுக்கு வகுத்துத் தந்த 14 நெறிகளில், வேலையிடத்திலேயே பயிற்சி தருக என்பதை ஒன்றாகவும், அச்சத்தைத் துரத்துக என்பதை மற்றொன்றாகவும் வைத்தார். அவர் பெயரால் ஜப்பானியர் வழங்கும் பரிசை 1998இல் இந்திய நிறுவனங்களுள் முதலாவதாகப் பெற்றது, நம் சென்னைப் பாடியில் அந்நாளில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு என்பது நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தி.

ஊதியம் பற்றியும் ஒளிக்காமல் பேசவேண்டும். ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்னும் உளவியலறிஞர், பிட்ஸ்பர்க் நகரப் பகுதியில் பொறியாளரும் கணக்கருமாகிய சுமார் 200 பேரை வினவி, 1959இல் ஒரு நூல் வெளியிட்டார். ஊதியமும் வேலைச்சூழலும் குறைந்தால் மனக்குறை உண்டாகும். அவை நிறைந்தால் மட்டும் ஊக்கம் பிறந்துவிடாது. செய்துமுடித்த நிறைவு, பிறர் மதிப்பு, பொறுப்பு, வளர்ச்சி ஆகியவற்றாலேயே ஊக்கம் பிறக்கும் என்பது அவர் கண்ட முடிவு. இம்முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் இதன் பிற்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, கூலியைக் குறைத்துக் கைதட்டலைக் கூட்டுவாரும் உளர். உரிய ஊதியம் இல்லாத இடத்தில் ஊக்க உரை நிகழ்த்துவது பசித்தவனுக்குப் பந்தியின் சிறப்பை வருணிப்பது போன்றதாகும். எங்கள் இளைஞன் குச்சியைச் செருகியதற்கு என் பிழை ஒரு காரணம். எண்ணிக்கை கூடினால்தான் கையில் நாலு காசு கூடும் என்ற நிலை மற்றொரு காரணம். இதனை மேலாளரிடம் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். ஆயினும் பிற்பாடு அப்பொறியில் எண்ணிக்கைக்காகத் தரும் ஊக்கத்தொகை நின்று, அடிப்படைக் கூலி சிறிது உயர்ந்தது.

பொறுப்பின் ஆற்றலுக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1952இல் அகமதாபாத்துக் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளை நிறுவினார்கள். 224 தறிகளுக்கு 29 தொழிலாளர். அவர்களுக்குள் 12 வகை வேலை. ஒவ்வொருவனும் தன் துண்டு வேலையை மட்டும் செய்தான். துணிக்கு யார் பொறுப்பு என்பது தெளிவில்லை. புதிய எந்திரம் வந்தும் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. 1953இல் இலண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பார், ஒரு சிறு குழு ஒரு தொகுதித் தறிகளுக்கு முழுப்பொறுப்பு ஏற்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். தொழிலாளர் அதனை விரைந்து ஏற்றதோடு, குழுக்களையும் தாமே அமைத்துக்கொண்டனர். துணியின் அளவு உயர்ந்தது, சேதம் குறைந்தது. தறிகளும் ஆட்களும் முன்பிருந்தவையே. ஆனால் ‘இது எங்கள் தறி’ என்று சொல்லும் நிலை புதிதாக வந்திருந்தது.

எங்கள் தொழிற்கூடத்தில் அவ்வளவு பெரிய மாற்றம் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. ஒரு சிறிய காரியம் செய்தேன். இளைஞர்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் அழுத்தித் தள்ளும் வளைந்த தகடு ஒன்று எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. மேலாளர் ஒரு பேருந்து இருக்கையை வரவழைத்தார். இருக்கையின் காலைத் தரையோடு பிணைப்பது அத்தகடு. ஒருவன் அமர்ந்து பார்த்தான். மற்றவன் குனிந்து தகட்டைத் தடவினான். “இதுல வெடிப்பு இருந்தா, பிரேக் போடுறப்ப ஆளு சீட்டோட வந்துடுவாங்களே!” என்றான் ஒருவன். அன்று முதல் வெடிப்புள்ள தகட்டைக் குவியலுக்குள் மறைப்பது குறைந்தது. இதனை நான் சொல்லிக் கற்பித்திருந்தால் எத்தனை சனிக்கிழமை ஆகியிருக்குமோ!

எங்கள் ஊரைப்பற்றி இன்னொரு செய்தி. 1949இல் சி. இராஜம் அவர்கள் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தை நிறுவினார். 1950களில் அங்கே பயின்ற அப்துல் கலாம் அவர்கள், தம் வரலாற்று நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். விமான வரைபட வேலை பின்தங்கியதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். மாணவர் இரவும் பகலும் உழைத்து முடித்தார். மேடைதோறும் இக்கதையைச் சொல்வோர், கெடு வைத்ததையே நீட்டி முழக்குகிறார்கள். அதே நூலில் மற்றொன்றும் உண்டு. கெடு முடியுமுன், ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பேராசிரியர் தாமே வந்து, மாணவரின் வேலையைப் பார்த்து, தட்டிக்கொடுத்துச் சென்றார். கெடு வைப்பதற்குப் பதவி போதும். விடுமுறை நாளில் வந்து பார்ப்பதற்கு அக்கறை வேண்டும். நான்காம் படி என்று நான் முன்னே சொன்னது இதுதான்.

பயிற்சி பெறுவது முதலாளி இடும் பிச்சையும் அன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்த்த பிரிவு ஒன்று, தன் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பான செய்திகளைக் கேட்டறிவதையும், அவைபற்றிப் பயிற்சி பெறுவதையும் தொழிலாளியின் உரிமையாகவே வகுத்தது. உரிமை உடையவனிடம் கையொப்பம் வாங்குவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது.

அவ்விளைஞன் என்ன ஆனான் என்று நேயர்கள் கேட்கலாம். அவனை நீக்க வேண்டா என்று நானும் மூத்த மேற்பார்வையாளரும் மன்றாடினோம். அவனைச் சரக்கறைக்கு மாற்றி வைத்துக்கொண்டார்கள். சில மாதங்கள் கழித்து, புதியவர்களுக்கு அழுத்துப்பொறியின் பாடத்தை அவனே நடத்தட்டும் என்று சொன்னேன். முதலில் மறுத்தான், பிறகு இசைந்தான். அவன் விதிநூலைத் திறப்பதில்லை. புதியவன் ஒருவனைப் பொறிமுன் நிறுத்தி, “ரெண்டு பொத்தான் எதுக்கு வெச்சிருக்காங்க?” என்று மட்டும் கேட்பான். விடை சரியாக வரும்வரை மின்விசையைப் போட விடமாட்டான். சில நாள் அரை மணி நேரம்கூட ஆகும். உற்பத்தி தடைப்படுகிறது என்று யாரேனும் முணுமுணுத்தால், மூத்த மேற்பார்வையாளர், “ஆகட்டும், காத்திருக்கலாம்” என்பார்.

ஒரு நாள் அவன் என்னிடம், “ஐயா, நான் கேட்கிறப்ப யாரும் புரிஞ்சுதுன்னு சொல்றதில்லீங்க” என்றான். எங்கள் ஊர்த் தோல் தொழிலாளர் கொதிநீரில் இட்டுப் பார்த்த சிறு துண்டு அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. அவனிடம் அதனைச் சொன்னேன், கவனமாகக் கேட்டுக்கொண்டான். பிறகு மணியடித்தது; அவன் வகுப்புக்குப் போனான்.